உடன்வருநரின் பஸ் கட்டணம்

கவுண்டரைவிட அதன் பலகை நீளம். ‘மேல்முறையீட்டாளர்களின் உடன்வருநர்களுக்கான செலவு மீளளிப்புப் பிரிவு’ என்று எழுதிக்கொண்டே வந்தவர்களுக்குச் சுவர் தீர்ந்துபோயிருக்க வேண்டும். ‘பிரிவு’ மட்டும் தனியாகப் பக்கத்துக் கழிப்பறைக் கதவுக்கு மேலே போய் நின்றது. அதன் கீழே ‘உங்கள் சிரமமே எங்கள் அக்கறை’ என்று இன்னொரு பலகை. அதற்கும் கீழே, கண்ணாடியில் அரைவட்டமாக ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் ரப்பர் உறை போட்ட கட்டைவிரல் ஒன்று தாள்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரரை வரிசையில் நின்றவர்கள் ரப்பர்விரல் என்றுதான் சொன்னார்கள்.

தங்கை ஓட்டைக்கு முன்னால் குனிந்து நின்றாள். நிமிர்ந்து நின்றால் பேசுவது உள்ளே கேட்காது. குனிய வேண்டிய உயரத்தில்தான் ஓட்டை போட்டிருந்தார்கள்.

“டாக்சியா? ரசீது எங்க?”

“டிரைவர் ஒண்ணும் குடுக்கலை சார்.”

“டிரைவர் பேரு, லைசன்ஸ் நம்பர், வண்டி நம்பர், எத்தனை கிலோமீட்டர், அவரு கையெழுத்து. அஞ்சும் வேணும்.”

“அவரு போயிட்டாரு சார்.”

“போகாம? இங்கயே குடியிருப்பாரா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். தங்கைக்குக் காது சுட்டது. “சரி சார், விட்டுடறேன்.”

அப்போதே விட்டிருக்கலாம். ஆனால் ரப்பர்விரலுக்கு அன்று பார்த்து நல்ல மனசு வந்துவிட்டது. கவுண்டருக்குப் பின்னால் இருப்பவருக்கு நல்ல மனசு வந்தால் முன்னால் நிற்பவர் ஓடிவிட வேண்டும். அது தங்கைக்குத் தெரியாது.

“எதுக்கும்மா விடணும்? உங்களுக்குன்னு ஒதுக்கின பணம். பஸ்னு எழுதுங்க. பஸ்ஸுக்கு நாங்க டிக்கெட் கேக்கறதில்லை. ரெண்டு பேரு, போக வர. எழுதுங்க, எழுதுங்க.”

“ஆனா நாங்க பஸ்ல வரலையே சார்.”

“எப்படியோ வந்தீங்கல்ல? பின்னால பாருங்கம்மா, எத்தனை பேரு நிக்கறாங்க.”

தங்கை கவுண்டர்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். ஒருமுறை தியேட்டரில் கேட்ட படத்துக்குப் பதிலாக வேறு படத்தின் டிக்கெட்டைக் கொடுத்தபோது, அந்தப் படத்தையே பார்த்துவிட்டு, நன்றாக இருந்தது என்று வீட்டில் சொன்னவள். எழுதினாள். ‘பேருந்து. மேல்முறையீட்டாளர் ஒருவர், உடன்வருநர் ஒருவர்.’ கையெழுத்துப் போட்டாள். ரப்பர்விரல் அந்தப் பச்சைப் படிவத்தின் தலையில் அண்ணனின் வழக்கு எண்ணை எழுதி, முத்திரை குத்தி, நகலைக் கிழித்துக் கொடுத்தார்.

அண்ணன் லிஃப்டுக்கு எதிரே பெஞ்சில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடுப்பு நேராக உட்கார விடாது. இரண்டு வருஷத்துக்கு முன்புவரை லிஃப்ட் மெக்கானிக். மூன்றாம் மாடிக் கதவைத் திறந்தபோது லிஃப்ட் அங்கே இல்லை. அது இருக்கிறது என்று விளக்கு சொன்னது. விளக்கை நம்பிக் காலை வைத்தான்.

“கப்பிக்கு எண்ணெய் போட்டு ஆறு மாசம் இருக்கும்” என்றான், மூடியிருந்த கதவைப் பார்த்தபடி. “சத்தத்தைக் கேளு. அழுவுது.”

“உனக்கு வலிக்குதாண்ணா?”

“நான் நல்லாத்தான் இருக்கேன்.”

இந்த ஒரு வாக்கியம்தான் குடும்பத்தைக் கெடுத்தது. பென்ஷனுக்கு முதலில் விண்ணப்பித்தபோது மருத்துவப் பரிசோதனையில் டாக்டர், “எப்படி இருக்கீங்க?” என்றார். மரியாதை தெரிந்த அண்ணன், “நல்லா இருக்கேன் டாக்டர், நீங்க எப்படி இருக்கீங்க?” என்றான். டாக்டர் எப்படி இருந்தார் என்பது பதிவாகவில்லை. அண்ணன் நன்றாக இருப்பது பதிவாகி, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

இப்போது மன்றத்தில் மேல்முறையீடு. இதுவே கடைசி, இதற்கு மேல் முறையிட வேறு இடமில்லை. தோற்றால் இப்போதிருக்கும் வீட்டுக்கு வாடகை கொடுக்க முடியாது. அண்ணியின் அண்ணன், அதாவது மச்சான், பெரிய மனசு பண்ணித் தன் மொட்டை மாடி அறையைத் தருவதாகச் சொல்லியிருந்தார். தெருவிலிருந்து முப்பத்தொன்பது படி. மச்சான் எண்ணித்தான் சொன்னார். ஆள் வைத்துத் தூக்கி ஏற்றிவிடலாமாம். இறக்குவதைப் பற்றி அவர் பேசவில்லை. மேலே போனால் அண்ணன் பிறகு தெருவைப் பார்க்கமாட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அன்றைக்கு விசாரணை நடக்கவில்லை. மன்றத்தின் மருத்துவ உறுப்பினர், ‘மேல்முறையீடுகளை விரைந்து முடிப்பது எப்படி’ என்ற கருத்தரங்குக்குப் போயிருந்தார். ஆறு வாரம் தள்ளிவைத்தார்கள்.

*

தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடி வில்லைகளைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்த வேண்டும். மறுநாள் மதியம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தாள். பணம் எப்போது வரும் என்று எங்காவது போட்டிருக்கிறதா என்பதற்காக.

அடியில் ஒரு வரி இருந்தது. கண் பரிசோதிக்கிற அட்டையில் ஒருவருமே படிக்காத கடைசி வரியைவிடப் பொடி எழுத்து. பூதக்கண்ணாடியை வைத்தாள்.

‘இப்படிவம் தொடர்புடைய மேல்முறையீட்டுக் கோப்பின் பகுதியாகக் கருதப்பட்டு, மன்றத்தின் பரிசீலனைக்கு உட்படும்.’

இரண்டுமுறை படித்தாள். பிறகு பூதக்கண்ணாடியை மேஜைமேல் வைத்தாள். கை ஈரமாக இருந்ததால் அது வழுக்கிக்கொண்டு ஓடியது.

மேல்முறையீட்டு மனுவை எழுதியதும் அவள்தான். காரணம் ஒன்று: ‘என் அண்ணனால் பேருந்தில் ஏற இயலாது.’ காரணம் இரண்டுக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லித்தந்த இலவச சட்ட உதவிக்காரர், அந்த ஒன்றுக்கு அடியில் கோடுவேறு போட்டிருந்தார். பேருந்தில் ஏற முடியாதவருக்கு முழு பென்ஷன் என்பது விதி.

ஏற முடியாது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். ஏறினார் என்று இன்னொரு தாளில் கையெழுத்துப் போட்டாள். இரண்டும் ஒரே கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும்.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?” என்றார் முதலாளி.

“ஒண்ணுமில்லை சார். தூசி.”

அன்று மாலை அவள் பொருத்திய கண்ணாடியைப் போட்டுக்கொண்ட ஒரு வாத்தியார், தரை பக்கத்தில் வந்துவிட்டதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். இடது வில்லையை வலதில் போட்டிருந்தாள். அவளுக்கும் அன்று தரை அப்படித்தான் இருந்தது.

*

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஓட்டைக்கு முன்னால் போய்க் குனிந்தாள்.

“அந்தப் படிவம் வேணாம் சார். பணமும் வேணாம். திருப்பிக் குடுத்துடுங்க.”

ரப்பர்விரல் முதன்முறையாகக் குனிந்து ஓட்டை வழியே அவள் முகத்தைப் பார்த்தார்.

“வாபஸா? பதினேழு வருஷமா இங்க உக்காந்திருக்கேன். பணம் வேணாம்னு ஒருத்தரும் வந்ததில்லை.” குரலில் ஒரு பயம் தட்டியது, அது தங்கையின் பயத்தோடு சேர்ந்து இரட்டிப்பாயிற்று. “வாபஸ் வாங்க வாபஸ் படிவம் இருக்கு. காரணம் எழுதணும். அதுவும் கோப்புக்குத்தான் போகும்.”

“காரணம் எழுதாம…?”

“காரணம் இல்லாம வாபஸ் வாங்கினா விசாரணை வெப்பாங்கம்மா. காரணம் எழுதினாலும் வெப்பாங்க. அது இருக்கட்டும், உங்க படிவம் இங்க இல்லை. சரிபார்ப்புக்குப் போயாச்சு. எறும்புகிட்ட.”

“யாரு சார் எறும்பு?”

ரப்பர்விரல் குரலைத் தாழ்த்தினார். “சரிபார்ப்பு அதிகாரி. ஒரு குண்டுமணி சர்க்கரை சிந்தினாலும் வந்துடுவாரு. போன மாசம் ஒரு அம்மா சாப்பாட்டுச் செலவு எழுதினாங்க. இவரு நேரா அந்த ஓட்டலுக்கே போயி, அன்னிக்கு அங்க சமையல் நடந்துச்சான்னு கேட்டு எழுதி வாங்கிட்டு வந்தாரு. அந்த அம்மாவுக்கு அப்புறம் சாப்பாடே இறங்கலையாம்.”

“சார், நீங்கதானே பஸ்னு எழுதச் சொன்னீங்க?”

ரப்பர்விரல் நிமிர்ந்தார். ஓட்டையில் இப்போது சட்டைப் பொத்தான் மட்டும் தெரிந்தது. “அடுத்தவங்க வாங்க” என்றது பொத்தான்.

அன்றிலிருந்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தங்கை சமையலறைக்குள் போனாள். தபால்காரரைக் கண்டால் ஒளிந்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணி நேரே அலுவலகத்துக்குப் போய் ஓட்டைக்குள் கையை விட்டு ரப்பர்விரலை வெளியே இழுத்துவிடுவாள். பள்ளிக்கூட பஸ்ஸில் அறுபது பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை அண்ணிக்கு. பெரிய மனிதர்களும் அவளுக்கு அந்தக் கணக்கில்தான். முதல் மருத்துவப் பரிசோதனைக்குத் துணைக்குப் போனவள், டாக்டரைப் பார்த்து “கையை ஒழுங்கா கழுவினீங்களா?” என்று கேட்டாள். அதனால்தான் உடன்வருநர் பதவி தங்கைக்கு வந்தது.

*

எறும்பு மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வந்தார். ஒல்லியான, சுத்தமான மனிதர். ஒரு கையில் தோல்பை. மறுகையில், நெஞ்சோடு அணைத்தபடி, சாம்பல் வர்ணம் அடித்த மரப்பெட்டி. பக்கவாட்டில் அரசு முத்திரையும் ‘தரப்படுத்தப்பட்ட படி — 40 செ.மீ.’ என்ற எழுத்தும்.

“இதென்ன சார், கோழி அடைக்கிறதா?” என்றாள் அண்ணி.

“நகரப் பேருந்தின் முதல் படியோட உயரம்” என்றார் எறும்பு, பெட்டியைக் கூடத்தின் நடுவில் இறக்கி, அதன் மூலையில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்து. “பேருந்தை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோக முடியாதில்லையா? அதனால துறை இதை வடிவமைச்சிருக்கு. நிபுணர் குழு ரெண்டு வருஷம் உழைச்சிருக்கு.”

“ரெண்டு வருஷமா? எங்க தெரு தச்சர் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அடிச்சிருப்பாரு.”

தங்கைக்கு அண்ணியின் வாயைப் பொத்தத் தோன்றியது. தன் வாய் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தது.

எறும்பு நாற்காலியில் உட்கார்ந்து அண்ணனைப் பார்த்தார். “எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் சார்” என்றான் அண்ணன்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். எறும்பு எழுதிக்கொண்டார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார்.

“படிவத்துல இருக்கிறது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா சார்.”

“அன்னிக்கு எத்தனையாம் நம்பர் பஸ்?”

“ஞாபகமில்லை சார்.”

“முன் வாசலா, பின் வாசலா?”

“முன்… பின்…”

“உங்க அண்ணன் எந்தக் காலை முதல்ல வெச்சாரு?”

அண்ணன் கட்டிலில் ஒருக்களித்தபடி, “பஸ்ஸா? எந்த பஸ்ஸும்மா?” என்றான்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் எல்லாம் இருந்திருக்க வேண்டும். சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு நிற்கும்போதும் இப்படித்தான் பார்ப்பாள். அப்போதெல்லாம் அண்ணன்தான், நான் உடைத்தேன் என்று சொல்லி அடி வாங்குவான்.

“ஓ, அன்னிக்கா?” என்றான் அண்ணன். “ஆமா சார். பஸ்லதான் வந்தோம்.”

“ண்ணா!”

“சும்மா இரும்மா. வலது காலைத்தான் சார் முதல்ல வெச்சேன்.”

எறும்பு அதையும் எழுதிக்கொண்டார். நிறுத்தி நிதானமாக. பிறகு பேனாவின் நுனியால் மரப்பெட்டியைக் காட்டினார். “ஏறிக் காட்டுங்க.”

தங்கைக்கு அப்போதுதான் இரண்டு பக்கமும் தெரிந்தது. அண்ணன் ஏறிவிட்டால் பென்ஷன் போயிற்று. அவனுக்கு முப்பத்தொன்பது படிக்கு மேல் ஒரு அறை. ஏறாவிட்டால் அவள் பொய்க்காரி. பொய்க்காரி எழுதிய மனுவை எந்த மன்றம் நம்பும்? அப்போதும் அதே அறைதான். இடையில் மூன்றாவதாக ஒன்று இருந்தது: அவன் விழலாம். டாக்டர்கள் அடுத்த விழுதலைப் பற்றிப் பேசும்போது வாக்கியத்தை முடிப்பதில்லை.

“வேணாம்ணா. சார், நான் சொல்லிடறேன், நாங்க…”

“நீ வாயை மூடு” என்றான் அண்ணன். அவளிடம் அவன் அப்படிப் பேசியதே இல்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பெட்டிக்கு முன்னால் வந்து நின்றான். எறும்பு நிறுத்துக் கடிகாரத்தை எடுத்தார். இன்னொரு கையில் அளவுநாடா.

வலது பாதம் தரையிலிருந்து கிளம்பியது. ஒரு விரல் உயரம். ஒரு கையகல உயரம். அங்கே நின்று நடுங்கியது. அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியிலிருந்து வேர்வை மூக்குக்கு இறங்கி, மூக்கிலிருந்து பெட்டிமேல் சொட்டியது. அண்ணி பின்னால் போய் இரண்டு கையையும் விரித்தபடி நின்றாள், ஓடுகிற வண்டியிலிருந்து பிள்ளை விழப்போவதுபோல. பாதம் இன்னும் ஒரு நூல் உயர்ந்தது. எறும்பு குனிந்து நாடாவைப் பிடித்து, கண்ணைச் சுருக்கி அளந்தார்.

ஜன்னல் கம்பி கிறீச்சிட்டது. அவன் சாய, அண்ணி தாங்கிக்கொண்டாள். கட்டிலில் கிடத்தியபோது முகம் சாம்பலாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னான்:

“பெட்டி உயரம் தப்பு சார். பஸ் படி இவ்வளவு உசரம் கிடையாது.”

“இருக்குங்க” என்றாள் அண்ணி மெதுவாக. அன்று அவள் மெதுவாகப் பேசியது அது ஒன்றுதான்.

எறும்பு தாள்களை அடுக்கிப் பையில் வைத்தார். “முடிவு எழுத்து மூலமா தெரிவிக்கப்படும்.” வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். முதன்முறையாக அவர் குரலில் அதிகாரம் கொஞ்சம் வடிந்திருந்தது. “இந்தப் பெட்டி இங்கயே இருக்கட்டும். வரும்போது பஸ்ல இதுக்குத் தனியா லக்கேஜ் சார்ஜ் வாங்கிட்டாங்க. அதைத் துறை இன்னும் எனக்குத் திருப்பித் தர்றதா இல்லையான்னு முடிவு பண்ணலை. போன வருஷத்துதே நிக்குது. அனுமதி வந்ததும் எடுத்துக்கறேன். அரசு சொத்து. மேல எதையும் வெச்சிடாதீங்க.”

அவர் போனதும் தங்கை தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அண்ணி அவளைத் திட்ட வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அண்ணன் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாக் காகிதத்துலயும் முடியாது, முடியாதுன்னே எழுதி வெச்சிருக்காங்க” என்றான். “ஒரு காகிதத்துலயாவது நான் பஸ்ல போயிருக்கேனே. விடு.”

*

மூன்று வாரம் கழித்து விசாரணை. இந்தமுறை டாக்சி டிரைவரிடம் ஐந்தையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் தங்கை வண்டிக் கதவைத் திறந்தாள்.

மொத்தமே ஏழு பேர் இருந்த அறையில் மன்றத் தலைவர் மைக்கில் பேசினார். தன்னை ‘இம்மன்றம்’ என்று குறிப்பிட்டார். இருமினால்கூட இம்மன்றம்தான் இருமியது. அவருக்கு இடப்பக்கம் மருத்துவ உறுப்பினர். எதிரே துறையின் வக்கீல், மினுமினுக்கும் ஷூவோடு.

“ஒரே ஒரு ஆவணம் போதும்” என்று எழுந்தார் வக்கீல். அந்தப் பச்சைத் தாளைத் தங்கை தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டாள். “பேருந்தில் ஏற இயலாது என்பது மனு. பேருந்தில் வந்ததாக அதே தங்கை கையெழுத்துப் போட்டுக் கட்டணம் கேட்டிருக்கிறார். இதோ சரிபார்ப்பு அறிக்கை. முதல் பக்கத்திலேயே, ‘பஸ்லதான் வந்தோம், வலது காலை முதலில் வைத்தேன்’ என்று மேல்முறையீட்டாளரின் வாக்குமூலம். ‘நல்லா இருக்கேன்’ என்றும் சொல்லியிருக்கிறார். வேறு என்ன வேண்டும்?”

“உடன்வருநர் எழுந்து நிற்கவும்” என்றது மைக்.

எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கண்ணுக்கு முன்னால் படிகள் மட்டும் வந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக, முப்பத்தொன்பது. கடைசிப் படியின் முடிவில் ஒரு கதவு. பக்கத்தில் அண்ணன் அவளுடைய முந்தானை நுனியைப் பிடித்து லேசாக இழுத்தான், உட்கார் என்பதுபோல.

“இந்த அறிக்கை பதினோரு பக்கம் இருக்கே” என்றார் மருத்துவ உறுப்பினர். கருத்தரங்குக்குப் போய்வந்ததிலிருந்து அவர் எல்லாவற்றையும் பின்னாலிருந்து படிக்கப் பழகியிருந்தார். “நீங்க முழுசா படிச்சீங்களா?”

வக்கீல் ஷூவைப் பார்த்தார்.

உறுப்பினர் சத்தமாகப் படித்தார். “‘மேற்படி நபர் நான்கு நிமிடம் இருபது வினாடி முழு முயற்சி செய்தும் மேற்படியாரின் பாதம் தரையிலிருந்து பதினொரு சென்டிமீட்டருக்கு மேல் உயரவில்லை. எனவே மேற்படியார் குறிப்பிட்ட தேதியிலோ, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலோ எந்தப் பேருந்திலும் ஏறியிருக்க வாய்ப்பே இல்லை எனத் தெளிவாகிறது. தான் ஏறியதாக மேற்படியார் கூறியது உடன்வருநரைக் காப்பாற்றும் பொருட்டே. ஆகையால் கோரப்பட்ட பேருந்துக் கட்டணம் பொய்யானது. நிராகரிக்கப்படுகிறது.’”

உறுப்பினர் அறிக்கையை மேஜைமேல் வைத்தார்.

தலைவர் மைக்கை மறந்து வாயால் பேசினார். “துறை இந்த அறிக்கையை ஏத்துக்குதா, இல்லையா?”

வக்கீலுக்கு முகம் வெளுத்தது. ஏற்றுக்கொண்டால் அண்ணனால் பஸ்ஸில் ஏற முடியாது. பென்ஷன் கொடுக்க வேண்டும். ஏற்காவிட்டால் அண்ணன் பஸ்ஸில் வந்தான். இரண்டு பேருக்குப் போக வர பஸ் கட்டணத்தைக் கொடுக்க வேண்டும். மேலிடத்தைக் கேட்க ஐந்து நிமிடம் அவகாசம் வாங்கிக்கொண்டு வெளியே போனார். அந்த ஐந்து நிமிடமும் தங்கை நின்றுகொண்டேயிருந்தாள். உட்காரச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். கதவுக்கு அந்தப்பக்கம் வக்கீலின் குரல் மட்டும் துண்டு துண்டாகக் கேட்டது. “இல்லை சார்… பஸ் சார்… ரெண்டு பேரு சார்…”

திரும்பி வந்தார். துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பேருந்துக் கட்டணத்தைத் தருவதில்லை என்பதில் துறை உறுதியாக இருக்கிறது” என்றார்.

அப்படித்தான் அண்ணனுக்குப் பென்ஷன் கிடைத்தது.

தங்கைக்குத் தனியாக ஒரு தாள் கொடுத்தார்கள்: பொய்யான செலவு கோரியதற்காகக் கடும் எச்சரிக்கை, இரண்டு ஆண்டுகளுக்கு யாருக்கும் உடன்வருநராக வரத் தடை. அண்ணனின் உத்தரவை வாங்கி முதலில் அதன் அடியில்தான் பார்த்தாள். அங்கே பொடி எழுத்து இருந்தது. ‘ஆண்டுதோறும் நேரடி மறுபரிசோதனைக்கு உட்பட்டது.’ அடுத்த வருஷம் துணைக்கு வரப்போவது அண்ணி. அதை நினைத்ததும் அவளுக்கு வந்த நிம்மதியில் பாதி போய்விட்டது.

மீதிப் பாதி நான்கு மாதம் கழித்துப் போயிற்று.

பெட்டியை எடுத்துப்போக எறும்பு வரவில்லை. அனுமதி வரவில்லை போலும். கூடத்தின் நடுவில் இருந்தால் இடைஞ்சல் என்று அண்ணி அதை ஜன்னலோரமாகத் தள்ளியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பால் வாங்கிக்கொண்டு தெருவில் வந்த தங்கை, ஜன்னல் வழியே பார்த்துவிட்டு நின்றாள்.

அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பெட்டிக்கு முன்னால் நின்றான். யாரும் ஏறச் சொல்லவில்லை. அவனாகவே. வலது கால் நடுங்கிக்கொண்டே உயர்ந்தது. பெட்டியின் பக்கவாட்டில் பென்சில் கோடுகள் தெரிந்தன, லிஃப்ட் மெக்கானிக்கின் கையால் போட்ட நேரான கோடுகள்: பதினொன்று. பதினாலு. பத்தொன்பது. கால் அந்தக் கடைசிக் கோட்டைத் தாண்டியது.

அண்ணன் அவளைக் கண்டுகொண்டான். வேர்வையோடு சிரித்தான். டம்ளரை உடைத்த பழியை ஏற்றுக்கொண்டபோதெல்லாம் சிரித்த அதே சிரிப்பு.

“பாத்தியா?” என்றான். “இன்னும் ரெண்டு மாசம். நானே பஸ்ல…”

தங்கை தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். எதிர்வீட்டு வாசலில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முனையில் ஒல்லியாக யாரோ பையோடு வருவதுபோல இருந்தது. பால் பாத்திரம் கையில் தளும்பியது. அவள் ஜன்னலுக்கு ஓடினாள். அண்ணனின் கண்ணைப் பார்க்காமல், வெளியிலிருந்தே கையை நீட்டி, திரைச்சீலையைச் சரேலென்று இழுத்து மூடினாள்.

உள்ளே, திரைக்குப் பின்னால், அவன் கால் இன்னும் இறங்கவில்லை.